பரிவுப் பிரதி

ஓவியா மேசைமேல் வைத்த இரண்டு பிரிண்ட் அவுட்டுகளும் ஒரே கட்டுரைதான். அதே தலைப்பு, எழுதியவர்களும் அவர்களேதான், வெளியிட்டது தென்னாசிய நரம்பாய்வுக் கழகத்தின் ஆய்விதழ். பக்க எண்கள்கூட மாறவில்லை. ஆனால் இரண்டாம் அட்டவணையின் கடைசி வரியில், ஒன்றில் நான்கு என்று இருந்தது. மற்றொன்றில் பதினைந்து.

"இதுல எது நெசமுங்க மேடம்?" என்று கேட்டாள் ஓவியா.

சிந்துஜா இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஆய்விதழ்ப் பிரிவு அவள் பொறுப்பு. தேடிக் கிடைக்காத கட்டுரைகளைத் தேடித் தருவதுதான் வேலை. மாணவர்கள் வருவார்கள், டாக்டர்கள் வருவார்கள், சில வருடங்களாக நோயாளிகளின் வீட்டாரும் வருகிறார்கள். ஆனால் கிடைத்த கட்டுரையை எடுத்துக்கொண்டு வந்து, இது உண்மைதானா என்று கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

"என்ன நோய்ங்க இது? யாருக்கு?"

"ஹால்விக் நோய்னு சொன்னாங்க. என் வீட்டுக்காரருக்கு. சிறுமூளை கொஞ்சங் கொஞ்சமா சுருங்கிட்டே வருமாம். நடை தள்ளாடும், அப்புறம் பேச்சு குழறும். நோய் தெரிஞ்சதுல இருந்து எத்தனை வருஷம் புடிமானம் இல்லாம நடக்க முடியுங்கறதைத்தான் அந்தக் கடைசி வரி சொல்லுதுங்க."

ஓவியாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பேசும்போது துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் கணவன் பிரணவ் கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போடுகிறவன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பெங்களூர்ல ஒரு புது மருந்துச் சோதனைக்கு அவரை எடுத்துக்கறேன்னாங்க. முதுகுத்தண்டுல ஊசி போடறது. நோய் அதுக்கு மேல போகாம நின்னுருமாம். ஆனா சில பேருக்குக் காது போயிரலாம்னாங்க. அவருக்குக் காதுதானுங்க மேடம் பொழப்பே. அவரு செட் போட்டா கடைசி வரிசைல உக்காந்திருக்கறவங்களுக்கும் நாயனம் இரைச்சல் இல்லாம எதமா கேக்கும். அதனால நாங்க ரெண்டு பேரும் வாசல் தளத்துல போயி இந்தக் கட்டுரையைத் தேடிப் புடிச்சுப் படிச்சோம். பதினஞ்சுன்னு இருந்துச்சு. பதினஞ்சு வருஷம் இருக்கறப்ப எதுக்கு இப்பவே காதைக் குடுக்கோணும்னார். நானும் சரின்னுட்டேன்."

"இந்த நாலு எங்கிருந்து வந்துச்சு?"

"எங்க ஆபீஸ் அக்கவுண்டன்ட் அக்கா எடுத்ததுங்க. நான் அடிக்கடி லீவு போடறனேன்னு கேட்டாங்க. நோய் பேரைச் சொன்னேன். அவங்களே தேடிப் படிச்சுப்போட்டு, அழுதுட்டே கொண்டாந்து குடுத்தாங்க. அவரு இப்ப மாடிப்படி ஏறறப்ப சுவத்தைப் புடிச்சுக்கறார். அதனாலதான் எனக்கு அந்த நாலைப் பார்த்ததும்..."

சிந்துஜா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு தளம், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பூட்டு. கல்லூரி சந்தா கட்டியிருந்தால் திறக்கும். இல்லையென்றால் தலைப்பையும் நாலு வரிச் சுருக்கத்தையும் காட்டிவிட்டு நின்றுவிடும். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதிக் கெஞ்சிக் கட்டுரை வாங்கித் தந்திருக்கிறாள். பிறகு உலகத்தின் ஆய்வுக் கழகங்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து 'வாசல்' என்ற பொதுத் தளத்தைத் திறந்தன. எந்த ஆய்விதழும் யாருக்கும் இலவசம். அவரவர் மொழியில், அவரவருக்குப் புரிகிற நடையில். ஒரே ஒரு நிபந்தனைதான். குடிமக்கள் எண்ணையும் உடல்நல எண்ணையும் கொடுத்து, அவரவர் அவரவராகவே உள்ளே நுழைய வேண்டும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலுக்காக மேடை ஏறிப் பேசியவர்களில் சிந்துஜாவும் ஒருத்தி.

"இருங்க, என் கணக்குல திறந்து பார்க்கறேன்" என்றாள்.

கட்டுரை உடனே வந்தது. இரண்டாம் அட்டவணை, கடைசி வரி. பதினைந்து.

"பதினஞ்சுதாங்க. அவங்க எடுத்ததுலதான் ஏதோ கோளாறு."

ஓவியா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிந்துஜா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். வைத்தாளே தவிர, அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வாசலில் எழுத்துப் பிழை வருவதில்லை. அக்கவுண்டன்ட் எடுத்த தாளைப் புரட்டினாள். எண் மட்டுமல்ல, முடிவுரையில் இரண்டு பத்திகள் வேறாக இருந்தன. யாரோ உட்கார்ந்து எழுதியது போல, முன்னும் பின்னும் பொருந்தி இருந்தன.

அந்த ஆய்விதழின் ஆசிரியர் டாக்டர் சத்தியசீலனை அவளுக்குத் தெரியும். கருத்தரங்குகளில் பழக்கம். சென்னைக்கு அழைத்து, ஓவியாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க சார். அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

"சரி. எப்பவாவது யாராவது கேப்பாங்கன்னு எதிர்பார்த்துட்டுத்தான் இருந்தேன்." அவர் தொண்டையைச் செருமினார். "வாசல் திறந்த புதுசுல ஒரு பையன், காலேஜ் ஹாஸ்டல்ல தனியா உக்காந்து, தன்னோட நோயைப் பத்தின கட்டுரையைப் படிச்சான். ஒரு அட்டவணை. டாக்டர் இல்லை, பக்கத்துல ஆள் இல்லை. படிச்சுட்டு உயிரை விட்டுட்டான். நம்ம கழகத்தோட கட்டுரைம்மா அது. கூட்டம் போட்டோம். பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அழுதாங்க. அன்னைக்கு முடிவு பண்ணதுதான் பரிவுப் பிரதி."

"அப்படின்னா?"

"படிக்கிறவங்களுக்கே அந்த நோய் இருந்தா, இல்லை வீட்ல ஒருத்தர் நோயாளியாப் பதிஞ்சிருந்தா, வாசல் அவங்களுக்கு வேற மாதிரி காட்டும். பொய் இல்லைம்மா. அந்தப் பதினஞ்சும் அந்த ஆராய்ச்சியில இருக்கிற எண்தான். ரொம்ப நல்லா இருந்தவங்களோட எண். மொத்தப் பேருக்கும் சராசரி நாலு. நாங்க நல்லதை முன்னாடி வச்சோம், அவ்வளவுதான்."

"ஒரு வரி போட்டிருக்கலாமே சார். இது மாத்தின பிரதின்னு."

"போட்டா அப்புறம் அது எதுக்கு?"

ஓவியா முகத்திலிருந்து கையை எடுத்திருந்தாள். "சார்" என்றாள் ஃபோனைப் பார்த்து. குரல் உயரவில்லை. "நாங்க அந்த எண்ணை நம்பி ரெண்டு வருஷம் சும்மா உக்காந்துட்டோங்க சார்."

"மருத்துவர்கிட்ட கேட்டிருப்பீங்கன்னு..."

"டாக்டர் கட்டுரையைப் படிங்கன்னுதான் சொன்னார்."

சிந்துஜாவுக்குக் கோபத்தில் காது சூடானது. பேச்சை எப்படியாவது ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது.

"சார், இவங்க வீட்டுக்காரர் நோயாளி, அதனால இவங்களுக்குப் பதினஞ்சு வருது. சரி. நான் நூலகர். இவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்னு எனக்கும் எதுக்கு சார் பதினஞ்சு காட்டணும்?"

"உங்களுக்கு வராதும்மா. நீங்க யாருக்காகப் படிக்கிறீங்கன்னு வாசலுக்குத் தெரியாது. உங்களுக்கு மூலப் பிரதிதான் வரும். நாலுதான் இருக்கும்."

"பதினஞ்சு இருக்கு சார். இப்பக்கூட என் முன்னாடி இருக்கு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சிந்துஜா, ஸ்பீக்கரை அணைச்சுட்டு ஃபோனைக் கையில எடுங்க."

அவள் அணைக்கவில்லை. அவர் சொல்ல வருவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓவியாவுக்கும் புரிந்துவிட்டது. அவள் மெல்லக் கையை நீட்டி, மேசைமேல் இருந்த சிந்துஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள்.

சத்தியசீலன் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். வாசல் உடல்நலப் பதிவைப் பார்க்கும். அரசாங்கத் திட்டத்தில் எல்லோரிடமும் எடுத்த மரபணு மாதிரியும் அதில்தான் இருக்கிறது. நாமாக விண்ணப்பித்து, ஆலோசனைக்குப் போய், ஒப்புதல் எழுதிக் கொடுத்தால் ஒழிய அதில் என்ன இருக்கிறது என்று யாரும் நம்மிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்த விண்ணப்பமும் மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் வாசலுக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. அது யாரிடமும் எதையும் சொல்வதில்லையே, இதமாகக் காட்டுகிறது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டார்கள்.

"இது இப்படி ஆகும்னு நாங்க யோசிக்கவே இல்லைம்மா" என்றார். "நானும்தான் கை தூக்கினேன்."

அன்று மதியம் சிந்துஜா நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் போய் நின்றாள். அவள் அப்பா கடைசிக் காலத்தில் தள்ளாடித் தள்ளாடித்தான் நடந்தார். பேச்சும் குழறியது. ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர் அவரைக் குடிகாரன் என்று இறக்கிவிட்டார். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. வீட்டிலேயே சிலருக்குச் சந்தேகம் இருந்தது. அம்மா அவருடைய பையைச் சோதித்துப் பார்ப்பதைச் சிந்துஜா பார்த்திருக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். இப்போது மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்று பார்த்தாள். நிற்க முடிந்தது. பிடியை விட்டாள். அப்போதும் முடிந்தது. அதில் என்ன தெரிந்துவிடும் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஓவியா அக்கவுண்டன்ட் எடுத்த தாளோடு திருப்பூருக்குப் போனாள். அந்த வாரமே பிரணவைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனதாகத் தகவல் சொன்னாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. சிந்துஜாவும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டியிருக்குமோ என்று இருந்தது.

இதற்கிடையில் அந்த அக்கவுண்டன்ட் இரண்டு தாள்களையும் படம் எடுத்து யாருக்கோ அனுப்ப, அது ஊரெல்லாம் பரவிவிட்டது. வாசல் திறந்த நாளில்கூட நூலகத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. யாரும் படிக்க வரவில்லை. ஜோடி ஜோடியாக வந்தார்கள். ஒவ்வொரு நோயாகத் தேடி, ஒரே கட்டுரையை இரண்டு பேரும் தனித்தனிக் கணக்கில் திறந்து, வரி வரியாக ஒத்துப் பார்த்தார்கள். ஒருவருடைய திரையில் எண் கொஞ்சம் நன்றாக இருந்துவிட்டால் அவர் முகம் வெளுத்துப் போகும். ஒரு ஆள், வயது அறுபது இருக்கும், தன் திரையில் "பெரும்பாலானோர் குணமடைந்தனர்" என்று படித்துவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். உண்மையிலேயே அது குணமாகிற நோய்தான் என்று டாக்டரை வரவழைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் அவர் நம்பவில்லை. டாக்டரிடமும் பரிவுப் பிரதி இருக்கலாம் என்றார்.

கழகம் மறுபடியும் கூட்டம் போட்டது. மாற்றிய பிரதி என்று மேலே ஒரு வரி போட வேண்டும் என்று சத்தியசீலன் கேட்டார். போட்டால் நோயைச் சொன்னதாகிவிடும், சட்டம் இடம் தராது என்று சொல்லிவிட்டார்கள். பரிவையே எடுத்துவிடலாம் என்றால், அந்த ஹாஸ்டல் பையனின் அம்மா கூட்டத்துக்கு வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்து யாரும் கை தூக்கவில்லை. சத்தியசீலன் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அதனால் எதுவும் மாறவில்லை.

ஒரு நாள் காலையில் ஓவியாவும் பிரணவும் நூலகத்துக்கு வந்தார்கள். நல்ல உயரம் அவன். ஒரு கையால் மனைவியின் தோளைப் பிடித்திருந்தான். உட்காரும்போது நாற்காலி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பெங்களூர்ல எடுத்துக்கலைங்க" என்றான். "தரையில கோடு போட்டு அதுமேல நடக்கச் சொன்னாங்க. புடிமானம் இல்லாம நடந்தாத்தான் சேர்த்துக்குவாங்களாம். ரெண்டு வருஷம் முன்னாடி இதே கோட்டுலதான் நடந்தேன். அன்னைக்கு என்னடா இது சின்னப் புள்ளை வெளையாட்டுன்னு சிரிச்சேன்." பேச்சு இன்னும் குழறவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போலப் பேசினான்.

"நான் என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றாள் சிந்துஜா.

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. உங்களைத் திட்டிட்டுப் போகலாம்னுதான் கெளம்புனேன். அந்தப் பதினஞ்சு வருஷத்தை எங்கிட்ட இருந்து புடுங்குனது யாருன்னு பார்க்கோணும்னு. வர்ற வழியில இவதான் சொன்னா, உங்களுக்கும்னு." அவன் தரையைப் பார்த்தான். "அந்த ரெண்டு வருஷமும் நாங்க நல்லாத்தானுங்க இருந்தோம். மண்டபம் மண்டபமா சுத்துனேன். எல்லாக் கச்சேரியும் கேட்டேன். அது எல்லாம் அந்தப் பொய்யாலதான். ஆனா அதையே பொய்யின்னு சொல்ல மனசு வர மாட்டேங்குது. இவகிட்ட இதைச் சொன்னா அழறா."

"பின்ன என்னங்க?" என்று வெடித்தாள் ஓவியா. "காது போயிருந்தா நான் எழுதிக் காட்டிப் பேசியிருப்பேன். ஆயுசு பூரா எழுதிக் காட்டியிருப்பேன்."

பிரணவ் அவள் தோளில் இருந்த கையை எடுக்கவில்லை.

"நீங்க நடக்கறீங்களாக்கா, நல்லா?" என்று கேட்டாள் ஓவியா.

"இன்னும் ஒண்ணும் தெரியலை."

"அப்படின்னா பெங்களூருக்குப் போங்க. தள்ளிப் போடாதீங்க. உங்களுக்கு நாலுதான்னு நெனச்சுக்கோங்க."

சிந்துஜா போகாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. அவளுக்கு ஒரே மகள், மகிழினி, கட்டடக் கலை படிக்கிறாள். கணவருக்கு ஓசூரில் வேலை. வீட்டில் இருப்பது இவர்கள் இருவர்தான். இந்த நோய் தகப்பனிடமிருந்து தனக்கு வந்த மாதிரி, தன்னிடமிருந்து அவளுக்கும் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். பிறந்தபோதே அவள் மாதிரியை எடுத்துப் பதிந்திருக்கிறார்கள். வாசலுக்குத் தெரியும். ஒரு தடவை அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் கணக்கில் அந்தக் கட்டுரையைத் திறந்து பார்க்க அவளுடைய ஃபோனைக் கையில் எடுத்துவிட்டு, தன்னைத் தனக்குத் தெரியாமல் அளந்து பார்த்தவர்களை நினைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.

பிரணவ் வந்துபோன வார ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லித் தட்டுகளைக்கூட எடுக்காமல், எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள்.

மகிழினி கேட்டுக்கொண்டே இருந்தாள். "எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா தினமும் எனக்கு டிபன் கட்டிக் குடுத்துட்டு, ஒண்ணும் சொல்லாம இருந்திருக்க. நீயும் அந்த வாசலும் ஒண்ணுதாம்மா."

சிந்துஜா தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்கு நான் பெங்களூர்ல பதியப் போறேன் மகிழ். பதிஞ்சுட்டா நான் நோயாளி. அதுக்கப்புறம் நீ அந்தக் கட்டுரையைத் திறந்தா, உனக்கு இருந்தாலும் இல்லாட்டியும், எனக்காக நல்ல மாதிரிதான் காட்டும். இன்னைக்குத் திறந்தாத்தான் வித்தியாசம் தெரியும். நல்ல மாதிரி வந்தா உனக்கும் இருக்கு. மோசமா வந்தா உனக்கு இல்லை. திறக்கச் சொல்லலை. திறக்க வேண்டாம்னும் சொல்லலை. உன்கிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

மகிழினி எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சிந்துஜா தட்டுகளைக் கழுவினாள். கழுவிய தட்டுகளையே மறுபடியும் கழுவினாள். வெயில் ஏறிய பிறகு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மகிழினி உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள்.

"நீ திரையைப் பார்க்காதே" என்றாள். "நானே படிக்கிறேன்."

"சரி."

"என்ன பேரு? ஹால்விக்." தட்டினாள். "கழகத்தோட இதழ்ல முதல்ல வர்றதுதானே?"

"அதுதான். முடிவுரைக்குப் போ."

சிந்துஜா மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்த முடிவுரை அவளுக்கு மனப்பாடம். நடைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் எடுத்துக்கொண்டவர்கள் எவ்வளவு நன்றாக இருந்தார்கள் என்பதில்தான் அது தொடங்கும்.

மகிழினி உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்தாள். பிறகு அப்படியே நின்றாள்.

"என்ன போட்டிருக்கு?"

"அம்மா, இது வேண்டாம்மா."

"படி மகிழ்."

"'நான்காம் ஆண்டின் இறுதிக்குள் பெரும்பாலானோர் துணையின்றி நடக்கும் திறனை முற்றிலும் இழந்தனர்.'" குரல் உடைந்தது. அவள் நிறுத்திவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள். "'அதன்பின் விழுங்குவதில் ஏற்படும் சிரமமே இறப்புக்கு முதன்மைக் காரணமாக அமைந்தது. இதுவரை அறியப்பட்ட எந்த மருந்தும்...' ஐயோ அம்மா, என்னம்மா இது இப்படி எழுதியிருக்காங்க!"

சிந்துஜா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பற்றியிருந்தாள். கண்ணிலிருந்து தாரையாக வழிந்துகொண்டிருந்தது. ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. மகிழினிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. மேசையைச் சுற்றி வந்து அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை படி கண்ணு" என்றாள் சிந்துஜா. "நிறுத்தாம, கடைசி வரைக்கும் படி."

மகிழினி ஒரு கையால் அம்மாவைப் பிடித்தபடியே மறு கையால் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.